ஐந்து நிறங்களின் ஒழுங்கு

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமல்ல, அவருடைய வலது கை மோதிர விரல்தான். காலையில் மெஷினுக்கு மின்சாரம் கொடுத்ததும் மஞ்சள் மைப் பேணியைத் திறந்து, விரல் நுனியால் துளி தொட்டு, மெஷினின் நெற்றி என்று தானே தீர்மானித்து வைத்திருந்த இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். பிறகு அந்த விரலைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு அரை நிமிடம் கண்ணை மூடி நிற்பார். நான் கணினி அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துச் சிரிப்பேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். “அண்ணை, வெளிநாட்டு மெஷினுக்குப் பொட்டு எதுக்கு?” அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “வெளிநாட்டு மெஷின் எண்டா என்ன தங்கச்சி, வந்து வாழுறது கிளிநொச்சியிலதானே.”

ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது எங்கள் அச்சகம். தேன் போத்தல் லேபிள், அரிசிமாப் பெட்டி, ஊறுகாய் உறை என்று வன்னியில் எவர் எதைச் செய்து விற்றாலும் அதற்குச் சட்டை தைத்துக் கொடுப்பது நாங்கள். அண்ணை மெஷின் ஓட்டுபவர். நான் கணினியில் வடிவமைப்பைச் சரிபார்த்து, அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் மாதிரித் தாளை, அதாவது புரூஃபை, எடுத்துக் கொடுப்பவள். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஓமந்தைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் வவுனியாவில் மெஷின் பழகி, கலியாணம் கட்டி, இங்கே வந்து சேர்ந்தார். பேச்சில் மலையும் வன்னியும் கலந்து வரும். என் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்தவர்கள். நான் கொழும்பில் படித்து ஒரு சான்றிதழும், அதைவிடப் பெரிய வாயும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அவருடைய மூத்த மகள் அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வருமானம் அவர் ஒருவருடையது.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் தங்களுக்கென்று ஒரு நிறத்தோடு வருவார்கள். “எங்கட பச்சை இதுதான், வேறை பச்சை வேண்டாம்” என்பார்கள். அப்படியான தனி நிறத்தை எங்கள் தொழிலில் ஸ்பொட் கலர் என்போம். முன்பெல்லாம் அண்ணை அதைத் தராசில் நிறுத்து, கத்தியால் குழைத்து, பேணியில் கலந்து எடுப்பார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேணி, ஒவ்வொரு வேலை முடிவிலும் ஒரு கழுவல். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. நீலம், றோஸ், மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நாலோடு ஐந்தாவதாகச் செம்மஞ்சளை மெஷினில் நிரந்தரமாக வைத்துவிட்டு, எந்தத் தனி நிறத்தையும் இந்த ஐந்தாலேயே கட்டிவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். சொன்னது பிழையில்லை. அதற்குப் புரூஃப் மென்பொருளும், எங்கள் மெஷினுக்கென்றே அளந்து செய்த ஓர் ஐந்து நிறப் புரொஃபைலும், அதாவது நிறக் கணக்கும், வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்து இரண்டு நாள் நின்றார். சின்னச் சின்னச் சதுரங்கள் நிறைந்த ஒரு தாளை அண்ணையைக் கொண்டு அச்சடிப்பித்து, ஒவ்வொரு சதுரத்தையும் கருவியால் அளந்து, புரொஃபைலைக் கட்டி என் கணினியில் ஏற்றினார். அதன்பிறகு எந்த நிறத்தைக் கேட்டாலும் மென்பொருள் பதில் சொன்னது: இந்த மையில் இவ்வளவு, அந்த மையில் இவ்வளவு, உங்கள் மெஷினில் இப்படி வரும். எனக்கென்றால் பெரிய புழுகம், தலைகால் தெரியாத சந்தோசம். கண்ணாடிக்குள் ஒரு ராணி போல இருந்தேன்.

போகும்போது அவர் என் கையில் ஒரு தாள் தந்தார். மைகள் எந்த ஒழுங்கில் மட்டைத் தாளில் விழவேண்டும் என்ற குறிப்பு. கறுப்பு முதலில், மஞ்சள் கடைசியில். ஒரு மை காயாமலிருக்கும்போதே அடுத்தது அதன்மேல் விழுகிறது, அதனால் எது முன், எது பின் என்பதிலேயே நிறம் மாறிவிடும்; இந்த ஒழுங்கில் அளந்த புரொஃபைல் இந்த ஒழுங்குக்கு மட்டும்தான் உண்மை பேசும். “இதை மெஷினில் ஒட்டிவிடுங்கோ, மெஷின்காரருக்கும் விளங்கப்படுத்துங்கோ” என்றார். நான் ஓம் என்றேன். அன்று காலைதான் ஏதோ ஓர் அச்சுப் பிளேட் விஷயத்தில் அண்ணையோடு சண்டை பிடித்திருந்தேன். அவரிடம் போய் நிற்க மனம் வரவில்லை. சதுரத் தாளை அந்த ஒழுங்கில்தானே அடித்தார், அவருக்குத் தெரியும்தானே என்று எனக்கு நானே சொல்லி, தாளை ஃபைல் கோவைக்குள் செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அவருக்குத் தெரியாது. அந்த ஒழுங்கைச் சோதனைக்கு மட்டும் என்றே அவர் எடுத்துக்கொண்டார். கொழும்புக்காரர் போன மறுநாள் மெஷினைக் கழுவி, தான் எப்போதும் போடுவதுபோல மஞ்சளை முதல் மை வரிசைக்குக் கொண்டுவந்து வைத்தார். பொட்டு வைத்த மையே முதலில் ஓடவேண்டும் என்பது அவர் வழக்கம். நான் கண்ணாடிக்குள் இருந்தபடி அதைக் கவனிக்கவேயில்லை. பொட்டைப் பார்த்துச் சிரிக்க நேரமிருந்தது, அந்தப் பேணி எங்கே போகிறது என்று பார்க்க நேரமிருக்கவில்லை.

சாதாரண வேலைகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. தேன் லேபிளில் வந்தது முதல் அடி. புரூஃபில் பொன்னிறம், அச்சில் கோரைப்புல் நிறம். வாடிக்கையாளர் அவ்வளவையும் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார். முதலாளி என் புரூஃபையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கணினி பிழைவிடாது என்பது அவருடைய வேதம். அண்ணையை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, “இன்னொருக்கா ஒரு வேலை பழுதாப் போனா நீர் வீட்டை நிக்கலாம்” என்றார். அத்தனை வருடத்தில் அண்ணை கேட்ட முதல் ஏச்சு. அந்த வாரம் முழுக்க அவர் மெஷின் உருளைகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி, எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்து வந்ததுதான் அந்தக் கறித்தூள் பெட்டி. முல்லைத்தீவுப் பெண்கள் சங்கம் ஒன்று வறுத்து இடித்த தூளை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆயத்தமானது. பெட்டி முழுக்க ஒரே நிறம்: பதமாக வறுத்த செத்தல் மிளகாயின் கருஞ்சிவப்பு. நடுவில் வெள்ளைச் சோறும் கீரையும் வைத்த ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் படம். வாங்குபவர் என் புரூஃபைப் பார்த்து, இதே நிறம்தான் வேண்டும் என்று கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தார். மட்டை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். வேலைக்கு வேண்டியதற்கு மேல் நூற்றைம்பது தாள்தான் கையிருப்பு. அதற்குள் நிறம் பிடித்தாக வேண்டும். சங்கத்தின் வாகனம் பின்னேரம் வரும். காலையில் அண்ணை பொட்டு வைத்துவிட்டு வழக்கத்தைவிட நீண்ட நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு என்னிடம் வந்து, “தங்கச்சி, இண்டைக்குப் பக்கத்தில நில்லுங்க. என்ர சோறு இந்தப் பெட்டியிலதான் இருக்கு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எச்சரிக்கை மணி அடித்து மெஷின் ஓடியது. முதல் நாற்பது தாள் வந்து விழுந்ததும் ஒன்றை உருவி வெளிச்சப் பெட்டியில் புரூஃபுக்குப் பக்கத்தில் வைத்தோம். வறுத்த மிளகாய் வரவேண்டிய இடத்தில் மாரிகாலத்து ஒழுங்கைச் சேறு வந்திருந்தது. “ஐயோ, என்ன அண்ணை இது!” என்று கத்தினேன். அவர் மஞ்சளைக் குறைத்து, றோஸைக் கொஞ்சம் ஏற்றினார். இன்னும் முப்பது தாள். பெட்டியின் நிறம் சற்றுக் கிட்ட வந்தது. ஆனால் கோப்பையிலிருந்த வெள்ளைச் சோறு றோஸ் சோறாகிவிட்டது. கீரைத் துண்டு வெந்து கருகியது. றோஸை இறக்கினால் சோறு வெள்ளையாகிறது, பெட்டி சேறாகிறது. இன்னும் முப்பது போனது. “கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க மாட்டீங்களே, மையைக் கண்டபடி திறந்தா இப்பிடித்தான் வரும்” என்றேன். கணினியில் எல்லாம் சரி என்றும், பிழை மெஷினில்தான் என்றும், இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அவர் என்னைப் பார்த்தார். “உங்க தாளில இருக்கிறது இந்த மெஷினிலதான் வரும் எண்டு உங்களுக்கு நிச்சயமா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். எனக்கு நிச்சயம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போய் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். கருஞ்சிவப்பின் அளவு சரி. தெரிவுசெய்த மட்டை வகை சரி. புரொஃபைல் எங்களுடையதுதான். இன்னொரு புரூஃப் எடுத்தேன். கையெழுத்துப் போட்ட தாளோடு அச்சொட்டாக ஒத்து வந்தது. கண்ணாடிக்கு வெளியே அண்ணை மெஷினை நிறுத்திவிட்டு, மேலதிக மட்டையில் மிஞ்சியதை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது தாள். கொழும்புக்காரரைக் கேட்டால் என்ன என்று அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிக் கோவையைத் திறந்தேன். இலக்கத்துக்கு முன்னால் அந்தத் தாள் வந்தது. ஐந்து நிறங்களின் ஒழுங்கு. கறுப்பு முதலில், மஞ்சள் கடைசியில். நிமிர்ந்து மெஷினைப் பார்த்தேன். முதல் வரிசையில், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி, மஞ்சள்.

அந்த நேரம் எனக்கு வந்தது அறிவு தெளிந்த சந்தோசமல்ல, பயம். தேன் லேபிளும் இதனால்தான் கெட்டது என்று அதே கணத்தில் விளங்கிவிட்டது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. “அண்ணை, மஞ்சளை ஏன் முதல் போட்டனீங்கள்?” அவர் புரியாமல் பார்த்தார். “மஞ்சளைத் தொடாம எந்த நல்ல காரியம் தொடங்கிறது தங்கச்சி? நான் எப்பவும் அப்பிடித்தானே போடுறனான்.” நான் தாளை நீட்டினேன். அவருக்கு இங்கிலீசு வாசிக்க வராது. ஆனால் மைகளைக் குறிக்கும் அந்த ஐந்து ஒற்றை எழுத்தும் எந்த அச்சுக்காரருக்கும் தெரியும். எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளின் மேல் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். “கழுவுவம்” என்றார்.

ஐந்து வரிசையையும் கழுவ வேண்டும். அச்சுக்காரருக்குத்தான் அதன் பாடு தெரியும். மையை வழித்து, உருளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பிளேட்டுகளைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டி, ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி திரும்பவும் சரிசெய்ய வேண்டும். அவர் செய்யத் தொடங்கினார். நான் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக் கொடுத்தேன். சுவரிலிருந்த மணிக்கூடு இரண்டைத் தாண்டியது. இந்த நேரத்தில்தான் முதலாளி வந்து சேர்ந்தார். கண்டது நின்றுபோன மெஷின், கீழே நூறு தாள் பழுது, வாகனம் வர இரண்டே மணித்தியாலம். அவருடைய முகம் கறுத்தது. “ஆர் செய்த வேலை இது?” என்று கேட்டார்.

அண்ணை துணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். “மஞ்சளை முதல்ல போட்டுட்டன் முதலாளி. கடைசியிலதான் வரோணுமாம். மாத்திக்கொண்டிருக்கிறன்.” சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் ஓர் ஆள் பேச இடமிருந்தது. நான் பேசவில்லை. தாள் என் கையில் நாலாக மடிந்து, உள்ளங்கை வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. முதலாளி என் பக்கம் கையைக் காட்டி, “படிச்ச பிள்ளை அங்க எல்லாத்தையும் சரியாச் செய்து வைச்சிருக்கு. இந்த ஆக்களுக்கு எத்தினைதரம் சொன்னாலும் ஏறாது” என்றார். இந்த ஆக்கள் என்றால் மலையிலிருந்து வந்த ஆக்கள் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். தனக்கு ஒருதரமும் சொல்லப்படவில்லை என்று அண்ணை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் கெட்டேன். எனக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, உண்மை. ஆனால் அதைவிட, படித்த பிள்ளை என்ற அந்தச் சொல் காதுக்குள் இனித்தது. அதுதான் இன்றைக்கும் கூசுகிறது.

மெஷின் திரும்ப ஓடியது. கறுப்பு முதல், மஞ்சள் கடைசி. பத்தாவது தாளிலேயே நிறம் பிடித்துவிட்டது. சோறு வெள்ளை, கீரை பச்சை, பெட்டி முழுக்க வறுத்த மிளகாய். புரூஃபைப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. கருவியால் அளந்தேன், மென்பொருள் சொன்ன எல்லைக்குள் அழகாக உட்கார்ந்தது. வேறு நாளென்றால் துள்ளியிருப்பேன். அண்ணை ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றார், யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல. பெட்டிகள் வெட்டி மடித்து வாகனத்தில் ஏறின. ஒரு தாளும் குறையவில்லை. ஆனாலும் முதலாளி, “இண்டையோட போதும், நாளைக்கு வரத் தேவையில்லை” என்று அவரிடம் சொன்னது கண்ணாடிக்குள் இருந்த எனக்குக் கேட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றுமில்லை. அவர் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது, தலை நிமிரவேயில்லை.

இப்போது அதே அச்சகத்தில் அச்சுக்கு முந்திய வேலை எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. ஆறு நிறத்துக்கு மாறிவிட்டோம். புரொஃபைலையும் நானே கட்டுகிறேன். மைகளின் ஒழுங்கைப் பெரிய தமிழ் எழுத்தில் அடித்து மெஷினின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு காலையும் போய் வரிசையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கணினியில் உட்காருவேன். புதிய மெஷின்காரர் எனக்குச் சந்தேகப் புத்தி என்று பின்னால் நின்று கதைக்கிறாராம். கதைக்கட்டும். அந்தக் கறித்தூள் பெட்டி இப்போதும் எங்களிடம்தான் வருகிறது. கடைத் தட்டில் அதைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் துணிந்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். “அது முடிஞ்ச கதை பிள்ளை, இப்ப ஏன் கிளறுறீர்?” என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலும்.

முதலாளியிடம் சொன்னது கணக்கில் வராது என்று தெரிந்தும் இன்னும் ஒரு வருடம் கடத்தினேன். போன பங்குனியில்தான் அக்கராயனுக்குப் போனேன். அங்கே ஒரு நெல் ஆலையில் அண்ணை மெஷின் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டு முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, விரல்களில் மை இல்லை. “வாங்க தங்கச்சி” என்று கதிரை எடுத்துப் போட்டார். மகள் படிப்பை முடித்து வவுனியாவில் வேலைக்குப் போகிறாளாம். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போனார். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வழியில் ஆயத்தப்படுத்திய எதையும் சொல்லாமல், நேரே சொன்னேன். அந்தத் தாள் எனக்கு எப்போது தரப்பட்டது, நான் அதை எங்கே வைத்தேன், தேன் லேபிளும் என்னால்தான் கெட்டது, எல்லாம். சொல்லும்போது அழுதேன். அவர் தடுக்கவில்லை.

“தெரியும் தங்கச்சி. தாளில திகதி இருந்ததுதானே” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் அண்ணை முதலாளிட்டச் சொல்லேல்லை?”

“மஞ்சளை முதல்ல போட்டது நான்தான். என்ர பங்கை நான் சொன்னன். உங்க பங்கை நீங்கதானே சொல்லோணும்.”

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். பம்பை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, சில்லை விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

“அண்டைக்குக் கை கழுவிட்டு வாசல்ல நிண்டனான், நீங்க வெளிய வருவீங்க எண்டு. ஐஞ்சு மணி பஸ்ஸையும் விட்டுட்டுத்தான் போனன்.”